அந்தக் கதையில் கொக்கியே கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சினிமா பக்கத்தில் ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ படங்களைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். 1997ல் வந்த முதல் படம், 2025ல் வந்த புதுப் படம், மழைக்கோட்டும் கையில் கொக்கியுமாக வரும் கொலைகாரன் எல்லாம் இருந்தது. இந்தக் கதையை 1973லேயே நாவலாக எழுதிய லோயிஸ் டங்கனின் பெயர் மட்டும் ஒரு மூலையில்கூட இல்லை. சரி, இடம் போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ‘நாவலைத் தழுவிய ரத்தக்களரி’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

நாவலில் நடப்பதே வேறு. ராத்திரி காரில் திரும்பி வரும் நான்கு இளசுகள், சைக்கிளில் வந்த பத்து வயதுப் பையன் மீது மோதிவிடுகிறார்கள். பெயர் சொல்லாமல் ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு ஓடிப்போகிறார்கள். பையன் இறந்துவிடுகிறான். போலீசில் சொல்வதா வேண்டாமா என்று நாலு பேரும் ஓட்டுப் போட்டு, வெளியே மூச்சுவிடுவதில்லை என்று முடிவு செய்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து, ஜூலி என்ற பெண் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தால் தட்டுக்குப் பக்கத்தில், ‘போன கோடையில் நீ செய்தது எனக்குத் தெரியும்’ என்று ஒரு கடிதம். இன்னொருத்திக்கு, பத்திரிகையிலிருந்து வெட்டிய படம், சைக்கிள் ஓட்டும் ஒரு சிறுவன். மூன்றாமவனுக்கு அந்தச் சாவுச் செய்தியின் துணுக்கு. பயமுறுத்த இவ்வளவு போதும் டங்கனுக்கு. பின்னால் துப்பாக்கிச் சூடும் கழுத்தை நெரிப்பதும் வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் நால்வரில் ஒருவர்கூடச் சாவதில்லை. கொக்கி, மீனவன் எல்லாம் சினிமாக்காரர்கள் சேர்த்தது.

என் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். முதலில் படத்தைத்தான் பார்த்தாள், தோழிகளோடு கத்திக் கத்திச் சிரித்தபடி. அப்புறம் பழைய புத்தகக் கடையில் நான் முப்பது ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த, அட்டை கிழிந்த பிரதியைக் கொடுத்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு வந்து எழுப்பி, “ஏம்மா, அந்த ஜூலிக்குப் போலீஸ்ல சொல்லணும்னுதானே இருந்துச்சு, ஓட்டுல தோத்தா விட்டுடணுமா?” என்று கேட்டாள். நான் தூக்கக் கலக்கத்தில் என்னவோ சொன்னேன், அவளுக்கு அது போதவில்லை.

டங்கன் இப்படித்தான் எழுதுவார். 1978ல் வந்த இன்னொரு நாவலில், கண்டிப்பான ஒரு வாத்தியாரைச் சும்மா மிரட்டிப் பார்க்கலாம் என்று மாணவர்கள் கடத்திப் போவார்கள், நெஞ்சுவலி மாத்திரை இல்லாமல் அவர் செத்தே போவார். அதைப் பள்ளிகளில் வைக்கக்கூடாது என்று அமெரிக்காவில் எத்தனையோ பெற்றோர் சண்டை போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பள்ளியில் வைக்க வேண்டிய முதல் புத்தகமே அதுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு அவருடைய சொந்தக் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1989 ஜூலையில், நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில், கார் ஓட்டிப் போய்க்கொண்டிருந்த அவருடைய பதினெட்டு வயதுக் கடைசி மகளை யாரோ சுட்டுவிட்டார்கள். அந்த மகளையே மாதிரியாக வைத்து ஒரு நாயகியைப் படைத்து அவர் எழுதிய நாவல் வெளிவந்ததும் அதே வருஷம்தான். போகிற போக்கில் யாரோ சுட்டது என்றது போலீஸ். தாய் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்ச வாழ்க்கை பூராவும் தானே துப்புத் துலக்கி, 1992லும் 2013லும் அதைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதினார். வாலிபப் பிள்ளைகளுக்கான மர்ம நாவல் எழுதுவது கிட்டத்தட்ட நின்றே போனது. 2015ல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் கிராண்ட் மாஸ்டர் என்ற உயர்ந்த விருதைக் கொடுத்தது. மறு வருஷம் இறந்துவிட்டார். 2021ல்தான் ஒருவர் அந்தக் கொலையை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. கேட்க அவர் இல்லை.

அந்த முதல் படம் வந்தது மகள் போய் எட்டு வருஷத்தில் என்பதை யோசித்துப் பாருங்கள். கொலையைப் பார்த்து அரங்கமே கூச்சல் போட்டுக் கொண்டாடும்படி தன் கதையை மாற்றிவிட்டார்களே என்று அவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்.

இன்னொரு சின்ன விஷயம். 2010ல் பழைய நாவல்களை அவரே திருத்தி, செல்போனெல்லாம் சேர்த்து மறுபதிப்புக்குக் கொடுத்தார். செல்போன் இருந்தால் பாதி மர்மக்கதை பத்தாம் பக்கத்திலேயே முடிந்துவிடும், எப்படிச் சமாளித்தாரோ. என்னிடம் இருப்பது பழைய பதிப்பு, ஒப்பிட்டுப் பார்க்க ஆசை.

அடுத்த முறை இந்தப் படங்களைப் பற்றி எழுதினால் அவர் பெயரைப் போட்டுவிடுங்கள். நாவலைத் தமிழில் யாராவது கொண்டுவந்திருந்தால் அதையும் தெரிவியுங்கள். என் பெண்ணின் தோழிகள் இரண்டு பேர், இங்கிலீஷ் என்றதும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருச்சி