மெஷ்ஷை 'எடுத்துவிடலாம்' என்பது அத்தனை எளிதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருப்பை இறக்கம் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, பெண்கள் வெளியே சொல்லக் கூசும் நோயைத் துணிந்து பேசியதற்காகப் பாராட்டுக்குரியது. எனினும், இறங்கிய உறுப்பைத் தாங்கப் பிறப்புறுப்பு வழியாக மெஷ் என்னும் வலையை வைத்துத் தைத்த பின் தொல்லை வந்தால் 'அதை எடுத்துவிடலாம்' என்று ஒரே வரியில் முடித்திருப்பது, அறுவை அரங்கில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்த எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மெஷ் என்பது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் பின்னிய வலை. அதன் கண்களுக்குள் நம் உடல் திசு வளர்ந்து பிணைந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அதை வைக்கிறார்கள். சிலருக்கு அது நாளடைவில் சுருங்கி இறுகுகிறது. சிலருக்கு யோனிச் சுவரை அரித்துக்கொண்டு முனை வெளியே தெரிகிறது. அந்த முனையை மட்டும் கத்தரித்துத் தைப்பது பெரும்பாலும் சிறிய சிகிச்சைதான். இடுப்புக்கூட்டின் ஆழத்தில் பதிந்த பகுதியையும் எடுக்க வேண்டிவந்தால், கோயில் மதிலில் வேரோடிய அரசங்கன்றைப் பிடுங்கும்போது கல்லும் சேர்ந்து பெயரும் கதைதான். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், இருபுறமும் இரத்தக்குழாய்களும் நரம்புகளும் இருக்க, எதில் கீறல் விழுந்தாலும் விளைவு பெரிது. மிகுந்த இரத்தப்போக்கு, சிறுநீர் ஓயாமல் கசியும் துளை, எடுத்த பின்னும் தீராத வலி ஆகியவற்றோடு, தாங்கி நின்ற வலை போய்விட்டதால் உறுப்பு மறுபடி இறங்கிவிடுவதும் உண்டு. முழுவதையும் எடுக்க முடியாமல் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிடுவதும் நடக்கிறது.

பல அறுவைகள் தேவைப்படலாம், அப்படியும் சிலருக்குச் சரியாகாமல் போகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-லேயே எச்சரித்தது. 2019 ஏப்ரலில், உறுப்பு இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் மெஷ்ஷின் விற்பனையையே நிறுத்த உத்தரவிட்டது. ஸ்காட்லாந்தில், சொந்தச் செலவில் தனியாரிடம் சென்று மெஷ்ஷை அகற்றிக்கொண்ட பெண்களுக்கு அப்பணத்தைத் திருப்பித் தர 2022-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். எளிதான வேலை என்றால் இதற்கெல்லாம் அவசியம் வந்திருக்குமா?

பெண்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. மெஷ் வைத்துக்கொண்டு தொல்லையின்றி இருப்பவர்களும் பலர். வயிற்று வழியாக வைக்கும் மெஷ் அந்த அமெரிக்க உத்தரவில் அடங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கையெழுத்து வாங்கும் முன், இடுப்புத்தள தசைப் பயிற்சி, உள்ளே பொருத்தும் பெசரி வளையம், சொந்தத் திசுவைக் கொண்டே தைக்கும் முறை ஆகிய மாற்று வழிகளோடு, பின்னாளில் மெஷ்ஷை அகற்றுவது முதல் அறுவையைவிடக் கடினமானது என்பதையும் நோயாளிக்குப் புரியும்படி விளக்குவது மருத்துவரின் கடமை.

இன்னொன்று, செலவில்லாதது. மெஷ் வரும் பெட்டியில் அதன் பெயரும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். அதில் ஒன்று மருத்துவமனைக் கோப்புக்குள் போய்விட, நோயாளியின் கையில் கிடைப்பது 'மெஷ் ரிப்பேர்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே கொண்ட டிஸ்சார்ஜ் சம்மரி. சில ஆண்டுகள் கழித்து வலியோடு வேறு ஊர் மருத்துவரிடம் போகும் அந்த அம்மாவின் உடலில் எந்த வகை மெஷ், எந்த வழியாக, எங்கே பிணைக்கப்பட்டது என்று தெரியாமலே அந்த மருத்துவர் கத்தியை எடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சீட்டை சம்மரியிலேயே ஒட்டிக் கொடுக்க மருத்துவமனைகளுக்கு அரசு ஆணையிட வேண்டும்.

மெஷ் அகற்றுவதில் அனுபவமுள்ள சிறுநீரக-மகளிர் நல அறுவை நிபுணர் ஒருவரைக் கொண்டு அக்கட்டுரைக்குத் தொடர்ச்சி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.