"வீடு போயிடுச்சு"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தமும் அடித்துக் கொடுப்பேன். அதனால் வீடு தேடி அலைகிறவர்கள் கதை தினம் ஒன்றாவது காதில் விழும்.

போன மே மாதம் மணிப்பூரைச் சேர்ந்த ஒரு நர்ஸ், பக்கத்துத் தெருவில் டு-லெட் போர்டைப் பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கிறார். "வாங்க, வந்து பாருங்க" என்றார்களாம். போனவரின் முகத்தை கேட் அருகிலேயே பார்த்துவிட்டு, "வீடு போயிடுச்சும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் என் கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, அதே நம்பருக்கு நான் போன் போட்டேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "காலியாத்தான் சார் இருக்கு, சாயங்காலம் வாங்களேன்" என்றார் வீட்டுக்காரர். அடுத்த கேள்வியும் உடனே வந்தது: "நீங்க என்ன ஆளுங்க சார்?" போனை வைத்துவிட்டேன்.

நான் விளையாட்டாகச் செய்த இந்தச் சோதனையை அமெரிக்காவில் முறையாகவே செய்கிறார்கள் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, அங்கே வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது. காலியாக இருக்கும் வீட்டை இனத்தைக் காரணமாக வைத்து 'காலியில்லை' என்று சொல்வதே அந்தச் சட்டத்துக்கு விரோதம். வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு குடியிருப்புக்கு ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு வெள்ளைக்காரரும் சோதனைக்காகவே தனித்தனியாகப் போய்க் கேட்டார்கள். வெள்ளைக்காரருக்கு இருக்கிறது என்றார்கள், அந்தப் பெண்ணுக்கு இல்லை என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெண்ணுக்குக் குடிவரும் எண்ணமே இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் பொய் சொல்லப்பட்டவர் என்ற முறையில் அவர் வழக்குப் போடலாம் என்று 1982இல் தீர்ப்பானது.

நம்மிடம் என்ன இருக்கிறது? அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், ஓட்டல் ஆகியவற்றில் சாதி, மதம், இனம், பிறந்த இடம் பார்த்துக் குடிமக்களைத் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளை நம்பி வேலூரில் எத்தனை லாட்ஜ், மெஸ் ஓடுகிறது! வங்காளத்திலேயே போர்டு எழுதி வைத்திருக்கிறோம். நாள் வாடகைக்கு வருகிறவரை வரவேற்கிற ஊர், மாத வாடகைக்கு வருகிறவரை மட்டும் ஏற இறங்கப் பார்க்கிறது.

தீண்டாமையின் பேரில் குடியிருக்கத் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் எந்த வீட்டுக்காரர் காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறார்? "வீடு போயிடுச்சு" என்ற ரெண்டு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தப் பதிவு, அட்வான்ஸ், காலி செய்யச் சொல்வதற்கான காரணங்கள் என்று பலதையும் பேசுகிறது. தொழிலுக்காக அதைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறேன். ஆளைப் பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"என் வீடு, என் இஷ்டம்" என்பார்கள். எனக்கும் மாடி போர்ஷன் ஒன்று உண்டு, அந்தப் பயம் புரியாமல் இல்லை. சொந்தக்காரர் தானும் குடியிருக்கிற, நாலு வீட்டுக்கு மிகாத கட்டடத்துக்கு அந்த 1968 சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் 'இன்னாருக்கு மட்டும்' என்று விளம்பரம் செய்ய அவர்களுக்கும் அனுமதி கிடையாது. நம் ஊரில் தெருவுக்குத் தெரு தொங்கும் 'வெஜிடேரியன் ஒன்லி' போர்டு யாரை வேண்டாம் என்கிறது என்பது எழுதியவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும்.

நான் கேட்பது பெரிய சட்டம்கூட இல்லை. இருக்கிற வாடகைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். சாதி, மதம், இனம், ஊர் பார்த்து வீடு மறுத்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும். நான் போட்டது போன்ற போன் காலைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும். புரோக்கர்களையும் இதில் சேர்க்க வேண்டும். 'நார்த் ஈஸ்ட் வேண்டாம், பாய் வேண்டாம்' என்று வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்பே ஆளை வடிகட்டி அனுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

அந்த நர்ஸுக்குக் கடைசியில் பாகாயம் பக்கம் வீடு கிடைத்தது, ஆயிரம் ரூபாய் கூடுதல் வாடகைக்கு. ஒப்பந்தம் நான்தான் அடித்தேன். பதினோரு மாதம் போட்டிருக்கிறது. அது முடிந்ததும் மறுபடி போன் போட ஆரம்பிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.