கத்தி அலமாரி காலியான கதை

ஷெஃபீல்ட், இங்கிலாந்து,
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றாமல் தோப்பு வரை நடக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். சந்தோஷம். மாமரத்தில் ஏணி சாத்தி நீ ஏறினதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள். அதை நேரில் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

"வீட்டைச் சுருக்கப் போகிறோம் என்கிறாயே, அந்தக் கத்தி அலமாரியை என்ன செய்வாய்?" என்று கேட்டிருந்தாய். என் வீட்டுக்காரி முப்பது வருஷமாகக் கேட்டுவந்த கேள்வி அது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்த காலத்தில், "நீங்கள் கத்தியை வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள், நான் அது போட்ட காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருகிறேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் சிரித்துவிட்டு அலமாரியைப் பூட்டிவிடுவேன்.

இப்போது அலமாரி காலி. அது எப்படிக் காலியானது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதல் கத்தியை 1983-ல் வாங்கினேன். எஃகு ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பகலெல்லாம் எஃகுத் துண்டை உடைத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் தொழில். ஒரு சனிக்கிழமை பழம்பொருள் சந்தையில், துருப்பிடித்த சாவிகளுக்கு நடுவே ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. விலை நாலு பவுண்டு. திறந்து மூடினேன். 'டக்' என்று ஒரு சத்தம். முதுகில் இருக்கும் வில் அலகை இழுத்து உட்காரவைக்கும் சத்தம் அது. அந்தச் சத்தத்தை வைத்தே கத்தியின் தரத்தைச் சொல்லும் ஆட்கள் இந்த ஊரில் இருந்தார்கள். அலகின் அடியில் ஒரு நட்சத்திரம், ஒரு மால்டா சிலுவை. ஜோசப் ராட்ஜர்ஸ் என்ற கத்திக் கம்பெனியின் முத்திரை. அந்த முத்திரையின் கதை 1682-ல் தொடங்குகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. "மேல்நாட்டுக்குப் போனவன் கார் வாங்குவான், நீ பேனாக்கத்தி வாங்கியிருக்கிறாய்" என்று அப்போது எழுதினாயே, அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அங்கே ஆரம்பித்து நாற்பத்துமூன்று கத்தி சேர்ந்துவிட்டது. எல்லாம் இந்த ஊர்ச் சரக்கு. வாஸ்டன்ஹோம் கம்பெனியின் ஐ எக்ஸ் எல் முத்திரைக் கத்திகள் மட்டும் ஏழு. ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் 'நான் மிஞ்சி நிற்கிறேன்' என்று வரும். அந்தக் காலத்திலேயே விளம்பர மூளை! பெரிய பெயர்களெல்லாம் முத்திரையில்தான். உண்மையில் பல கத்திகளைச் செய்தவர்கள் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருந்த தனி ஆட்கள். 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். மாஸ்டர் என்பதை இந்த ஊர் வாய் அப்படி ஆக்கிவிட்டது. ஸ்டான் ஷா என்று ஒருவர் இருந்தார். 1941-ல், 14 வயதில் தொழிலுக்கு வந்தவர். 2021-ல் தன் 94-வது வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தப் 14 வயதை மனதில் வைத்துக்கொள். பின்னால் வருகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு யூத் கிளப் இருக்கிறது. பழைய சர்ச் கூடம். டேபிள் டென்னிஸ், குத்துச்சண்டைப் பயிற்சி, வீட்டுப்பாடம். வியாழக்கிழமைகளில் நான் போய்க் கணக்குச் சொல்லித்தருவேன். 2010-க்கு அப்புறம் அரசு செலவைக் குறைத்ததில் இந்த நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. எங்கள் கூடம் எப்படியோ தப்பித்தது. ஆனால் போன குளிர்காலத்தில் கூடத்தைச் சூடாக்கும் பாய்லர் செத்துப்போய், பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் பின்னக் கணக்குப் போட்டார்கள். பாய்லருக்காக ஒரு ஏலம் நடத்தலாம், ஆளுக்கொரு பொருள் கொடுங்கள் என்றார்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "கத்தி தருகிறேன்" என்றேன்.

கமிட்டிக் கூட்டத்தில் அப்படியொரு அமைதி.

நான் எவ்வளவு பெரிய மடையன் என்று பார். யூத் கிளப்புக்குக் கத்தி! இந்த நாட்டில் பதின்பருவப் பையன்கள் கத்தியோடு திரிவதும் குத்துப்படுவதும் தினச் செய்தி. கத்திகளை ஒப்படைக்க ஊர் ஊராகப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப் போலீஸ் கைக்கு வந்த ஒரு லட்சம் கத்திகளை வைத்து ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பெரிய தேவதைச் சிலையே செய்தார்கள். சிறகு முழுக்க அலகுகள். நானும் இவளும் போய்ப் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் கத்திகளுக்கு எண்ணெய் போட்டேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவே இல்லை.

கமிட்டியில் ஒரு அம்மா இருக்கிறாள். அவள் மூத்த பையனை இரண்டு வருஷம் முன்னால் பஸ்ஸில் யாரோ குத்திவிட்டார்கள். பிழைத்துவிட்டான். ஆனால் இன்றுவரை பஸ்ஸின் மாடியில் உட்காரமாட்டான். அப்போது அவனுக்கு 14 வயது. அவள் என்னைத் திட்டவில்லை. "பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டாமே" என்று மட்டும் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். இந்த ஊர் சோறு தின்றதே கத்தியால். கத்தி செய்பவர்களுக்கென்று 1624-லேயே சட்டப்படி சங்கம் கண்ட ஊர் இது. இதே தெருக்களில் 14 வயதுப் பையன் கையில் கத்தி இருந்தால், ஒரு தொழில் கிடைத்துவிட்டது என்று அம்மாக்காரி நிம்மதியாக இருந்திருப்பாள். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் இவளிடம் பொரிந்து தள்ளினேன். அவள் கேட்டுவிட்டு, "சாணை பிடித்தவர்களின் நெஞ்சு என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றாள். உண்மைதான். சாணைத் தூசி நுரையீரலில் இறங்கி முப்பது முப்பத்தைந்து வயதில் செத்தவர்கள் ஏராளம். பழைய நாளை நினைக்கும்போது நான் அலகின் பளபளப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் போலிருக்கிறது.

மறு வாரம் கிளப்பின் தலைவி ஒரு வழி சொன்னார். எண்பது வயசைத் தாண்டியவர். இளம் வயதில் கத்தி, கரண்டிக்கு மெருகு போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். பிரவுன் பேப்பரை உடம்பில் சுற்றி, தலையில் சிவப்புத் துணி கட்டி, கரிபிடித்த முகத்தோடு நிற்பார்களே, அந்தப் பெண்களில் ஒருவர். ஏலத்தைக் கிளப்பில் வைக்கவேண்டாம், மெயின் ரோட்டில் இருக்கும் தொழிலாளர் மன்றக் கூடத்தில் ராத்திரி ஏழு மணிக்கு வைப்போம். 18 வயது ஆகாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. கத்திகள் பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும். வாங்கியவர்கள் கிளம்பும்போது கட்டிக் கொடுப்போம் என்றார். அந்த அம்மாவும் சரி என்று தலையாட்டினாள். ஆனால் நோட்டீஸில் 'கத்தி' என்ற சொல் வரக்கூடாதாம். 'ஷெஃபீல்ட் கைவினைப் பொருட்கள்' என்று அச்சடித்தார்கள். அது மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

அப்புறம் பொறுக்குகிற வேலை. நாற்பத்துமூன்றும் ஏலத்துக்கு ஆகாது. ஒரு கலவைப் பெட்டியோடு வந்து சேர்ந்த பொத்தான் கத்தி ஒன்று முன்பு இருந்தது. அமுக்கினால் சீறிக்கொண்டு வரும். அந்த வகையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று 2021-ல் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே போலீஸில் கொடுத்துவிட்டேன். தந்தப் பிடி போட்டவை ஐந்து. 2022-லிருந்து இங்கே தந்தம் விற்க முடியாது. மிகப் பழைய பொருளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தந்தம் இருந்தால் பதிவு செய்து விற்கலாம் என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். கத்தியில் பிடியே தந்தம் என்றால் அந்தக் கணக்கு எங்கே உதைக்காமல் இருக்கும்? அவை ஐந்தும் மகளிடம். விற்கக்கூடாது, வைத்துக்கொள்ளலாம்.

மிச்சத்தில் அழகானவை மான்கொம்புப் பிடி போட்டவை. எந்த மான் தெரியுமா? கடமான். நம் பக்கத்தில் மிளா என்போமே, அதுதான். மிளா வருஷாவருஷம் உதிர்க்கும் கொம்பு மூட்டை மூட்டையாக இந்தியாவிலிருந்து கப்பலேறி இந்த ஊருக்கு வந்திருக்கிறது. உள்ளே ஓட்டை குறைவு, கெட்டி அதிகம், அதனால் கத்திக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு கண். 1990-களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. அதனாலேயே இன்று அந்தப் பிடிக்குக் கூடுதல் மதிப்பு. நாற்பது வருஷம் நான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது நம் மலை மிளாவின் கொம்பாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். நிரூபிக்க முடியாது, நினைப்பதற்கு யார் காசு கேட்கப்போகிறார்கள்?

ஏலத்துக்கான கத்திகளை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை: செய்தவர், ஏறத்தாழ எந்தக் காலம், பிடி என்ன, குறை என்ன. குறையை எழுதாவிட்டால் ஏலத்தில் மரியாதை போய்விடும். உதவிக்கு வந்த ஒருவர் மெருகுச் சக்கரத்தில் காட்டிப் பளபளப்பாக்கித் தரட்டுமா என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பழைய அலகில் படிந்திருக்கும் அந்தச் சாம்பல் நிறம்தான் அதன் வயசுச் சான்றிதழ். அதைத் தேய்த்து எடுத்தால் பாதி விலை போச்சு, முத்திரையும் மழுங்கும். மென்துணி, ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். சாணையும் பிடிக்கக்கூடாது.

ஒப்படைத்த அன்று ஒரு வேடிக்கை. பெட்டியை நீட்டினேன். தலைவி வாங்கவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு பென்னி எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட்டார். கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துபோகுமாம், காசு கொடுத்துவிட்டால் அது விலைக்கு வாங்கியது ஆகிவிடுமாம். எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. அரிவாள்மணையைக் கைக்குக் கை கொடுக்கவே விடமாட்டாளே, "கீழே வை, அவன் எடுத்துக்கிடுவான், சண்டை வரும்" என்பாளே. கடல் தாண்டியும் கத்திக்கு ஒரே பயம்தான்.

ஏலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அறுபது பேர் வந்திருந்தார்கள். கத்திகளால் மட்டும் 1,460 பவுண்டு. நாலு அலகு மான்கொம்பு ஐ எக்ஸ் எல் ஒன்று 210-க்குப் போனது. என் நாலு பவுண்டு ராட்ஜர்ஸ் 35-க்குப் போனது. வாங்கியவர் அதைத் திறந்து மூடிக் காதருகே வைத்துக் கேட்டார். சரியான ஆள் கைக்குத்தான் போயிருக்கிறது. கேக், சைக்கிள், ஓவியம் எல்லாம் சேர்த்துப் பாய்லருக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைகிறது.

அந்த அம்மா ராத்திரி முழுக்க டீ மேஜையில் நின்றாள். கண்ணாடிப் பெட்டி இருந்த பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்து, "உங்கள் வீட்டு அலமாரி இனி காலிதானே, கண்ணாடிக் கதவு போட்டதுதானே? பிள்ளைகளின் கோப்பைகளை வைக்க இடமில்லை" என்றாள். மறுநாளே அவள் மூத்த பையனும் இன்னொருவனும் வந்து தூக்கிப்போனார்கள். பூட்டு கொஞ்சம் மக்கர் செய்யும் என்று சொல்லி அனுப்பினேன்.

உனக்கென்று ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன். மிளாக்கொம்புப் பிடி இல்லை. அங்கிருந்து வந்த கொம்பு அங்கே திரும்பி வந்தால் வனத்துறை என்னைத் தூக்கி உள்ளே வைத்துவிடும். இது ரோஸ்வுட் பிடி போட்ட ஒட்டுக்கட்டும் கத்தி, சேனர் கம்பெனி செய்தது. பட்டையைக் கீறி, பின்பக்கத்துத் தட்டை நுனியால் நெம்பி, மொட்டைச் செருகலாம். அந்தப் பங்கனபள்ளியை ஒட்டுக்கட்டவேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்கிறாயே, இனி சாக்கு கிடையாது. இதை மட்டும் சாணை பிடித்திருக்கிறேன்.

ஜனவரியில் வருகிறோம். பெரிய பெட்டியில் போட்டு எடுத்துவருகிறேன். நீ ஒரு ரூபாய் எடுத்து வை. தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல். ஏணியை அவள் ஒளித்துவைக்கட்டும்.

உன்
பழைய கடைசி பெஞ்ச்