எண்ணெயையும் தண்ணீரையும் கேட்காத ஷாம்பு அட்டவணை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில் ‘உங்கள் கூந்தலுக்கு எந்த ஷாம்பு?’ என்று முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. பல கம்பெனிகளுக்கு ஷாம்பு தயாரித்துக் கொடுக்கும் ஆலை ஒன்றில் பார்முலா போடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. வறண்ட கூந்தல், எண்ணெய்ப்பசைக் கூந்தல், சாதாரணக் கூந்தல், சுருட்டை என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறீர்கள். சரி. ஆனால் தலைக்கு எண்ணெய் வைக்கிறவரா, குளிக்கிற தண்ணீர் எது என்ற இரண்டு கேள்விகளும் அதில் இல்லையே! நம் ஊரில் ஒரு ஷாம்பு ஒத்துக்கொள்வதும் கொள்ளாததும் பாதிக்கு மேல் இவற்றைப் பொறுத்தது.

பாட்டிலுக்குள் என்னதான் மாறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஷாம்புவானாலும் பெரும்பங்கு தண்ணீர்தான். அடுத்தது அழுக்கை எடுக்கிற எஸ்.எல்.இ.எஸ்., அதாவது சோடியம் லாரெத் சல்பேட். அதன் கடுமையைத் தணிக்கத் தேங்காய் எண்ணெயிலிருந்து செய்கிற கோகமிடோபுரொபைல் பீட்டெய்ன். கெட்டியாக்குவது பெரும்பாலும் சாதாரண உப்பு. உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட விட, தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது தேன்போலத் திரண்டு வரும். இன்னும் கெட்டியாகட்டும் என்று ஆசைப்பட்டு மேலும் விட்டால் மறுபடி நீர்த்துப்போகும். அந்தத் தொட்டியை அப்புறம் தேற்றுவது பெரிய பாடு. கெட்டியாக இருந்தால் சத்துள்ள ஷாம்பு என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

‘வறண்ட கூந்தலுக்கு’, ‘எண்ணெய்ப்பசைக் கூந்தலுக்கு’ என்பவை எங்கள் ஆலையில் இந்த ஒரே அடிக்கலவையின் மேல் செய்கிற மாற்றங்கள்தான். வறண்ட முடிக்கு சல்பேட் சற்றுக் குறையும், பீட்டெய்ன் ஏறும். பாலிகுவாட்டர்னியம்-10 அல்லது கொத்தவரை விதைப் பிசினிலிருந்து செய்த பாலிமர் சேரும், கூடவே முடிமேல் வழவழப்பாகப் படிகிற சிலிகான். எண்ணெய்ப்பசைக்கு என்றால் சிலிகானை எடுத்துவிடுவோம். நிறமும் வாசனையும் மாறும். லேபிளில் பாதாமும் முட்டையும் பெரிதாகச் சிரிக்கும். தொட்டியில் அவற்றின் அளவைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அந்தப் பாலிமர் வேலை செய்கிற விதம் மட்டும் இன்றைக்கும் எனக்கு அலுக்காத விஷயம். பாட்டிலில் இருக்கும்வரை அது கரைந்தே கிடக்கும். தலையில் தண்ணீர் ஊற்றி அலசும்போது, கலவை நீர்த்துப்போகிற அந்த நேரத்தில்தான் பிரிந்து வந்து முடிமேல் படியும். பாலிமருக்கு நேர்மின்னூட்டம், முடியின் மேற்பரப்புக்கு எதிர்மின்னூட்டம். சாயம் பூசியும் ஸ்ட்ரெயிட்டனிங் செய்தும் அடிபட்ட முடியில் எதிர்மின்னூட்டம் கூடுதல் என்பதால் அங்கே அதிகம் ஒட்டும். மெல்லிய முடிக்காரர்களுக்கு இதுவே வினையாகும். சில குளியலுக்குள் முடி எழும்பாமல் மண்டையோடு படுத்துவிடும்.

இன்னொன்று, ஒரே தலையில் இரண்டு வகை முடி இருக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. 60 செ.மீ. நீளப் பின்னலின் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து வருட வெயிலும் சீப்பும் கண்டது அது. வேர்ப்பக்கம் எண்ணெய்ப்பசை, நுனி வைக்கோல் என்று இருக்கிற பெண் உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் நிற்பார்? ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, வழிகிற நுரை நுனியைக் கழுவினால் போதும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பலருக்கு உதவியிருக்கும்.

இப்போது எண்ணெய் விஷயம். ‘எண்ணெய்ப்பசைக் கூந்தல்’ என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது தலைத்தோலில் தானாகச் சுரக்கிற எண்ணெயை. நாம் கையால் வைக்கிற தேங்காய் எண்ணெய் அந்தக் கணக்கில் வராது. முதல் நாள் இரவு எண்ணெய் வைத்துவிட்டு, மறுநாள் ‘வறண்ட கூந்தலுக்கான’ ஷாம்புவைப் போட்டால் நுரையே வராது. இருக்கிற சல்பேட் எண்ணெயோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், மேலே சிலிகான் வேறு படியும். பிசுபிசுப்புப் போகவில்லையே என்று இன்னும் ரெண்டு பாக்கெட் கிழிப்பார்கள். எண்ணெய் வைத்த தலைக்குக் கொஞ்சம் ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து இரண்டு முறை போடுவதே சரி. முதல் முறை நுரை வராவிட்டால் பயப்பட வேண்டாம், எண்ணெய் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணெய் வைப்பதையே பழைய பழக்கம் என்று உங்கள் கட்டுரை ஒதுக்கிவிட்டது. குளிப்பதற்கு முன் வைக்கிற தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது, மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-இல் இந்திய ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். முடி வகைக்கு ஏற்பக் கலக்கிற வித்தையும் நமக்குப் புதிதில்லை. எண்ணெய் வழிகிற தலைக்குச் சீயக்காய் தூக்கலாக, வறட்டு முடிக்கு வெந்தயமும் செம்பருத்தி இலையும் சேர்த்து, கொங்குப் பக்கம் என்றால் அரப்பு இலைத்தூள். செம்பருத்தி இலையின் வழவழப்பு செய்த வேலையைத்தான் இன்று பாலிமர் செய்கிறது. சீயக்காய் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல வரவில்லை. கண்ணில் பட்டால் எரியும், சரியாகச் சலிக்காத தூள் சிக்கில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

தண்ணீருக்கு வருவோம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பு, மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லை என்றால் 600 வரை விடலாம். போர் தண்ணீரில் குளிக்கிற பல வீடுகளில் இதைச் சோதித்துப் பார்த்தவர்களே கிடையாது. சுண்ணாம்பும் மெக்னீசியமும் முடியில் ஏறி விறைக்கும், சிக்கு விழும். பழி ஷாம்புமேல். ‘இதற்காகத்தான் அந்த உப்புகளைப் பிடித்துக் கட்டிவைக்கிற ஈடிடிஏ சேர்க்கிறார்களே’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷாம்புவில் ஈடிடிஏ 0.1 சதவீதம் என்றால் 10 கிராமில் 10 மில்லிகிராம். அது கட்டுவது 3 மில்லிகிராமுக்கும் குறைவான கடினத்தன்மையை. லிட்டருக்கு 400 மி.கி. உள்ள தண்ணீரில் 15 லிட்டர் வாளி ஒன்றில் இருப்பதோ 6,000 மில்லிகிராம். எந்த பார்முலாக்காரனாலும் இதைப் பாட்டிலுக்குள் தீர்க்க முடியாது. கடைசி இரண்டு சொம்பாவது மழைநீரோ நல்ல தண்ணீரோ ஊற்றினால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

சல்பேட் என்றாலே விஷம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அது மிகை. சிலருடைய தோலுக்கு எரிச்சல் தரும், குறிப்பாக லாரில் சல்பேட் (மேலே சொன்ன லாரெத் வேறு, இது வேறு). சாயம் போட்டவர்களும் மென்மையானதைத் தேடுவது நியாயம். ஆனால் ‘சல்பேட் இல்லாதது’ என்று விலை கூட்டி விற்கிற சில பாட்டில்களின் பின்பக்கம் ஓலெஃபின் சல்ஃபோனேட் இருக்கும். பெயரில் சல்பேட் இல்லை, அழுக்கெடுப்பதில் சளைத்ததும் இல்லை. லேபிளில் பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எப்படியும் எழுதலாம். முதல் நான்கைந்து பெயர்களைப் பார்த்தாலே முக்கால்வாசி விவரம் கிடைத்துவிடும்.

ஷாம்புவை பாக்கெட்டில் அடைத்துச் சாமானியரிடம் கொண்டுபோனது எங்கள் கடலூர். சின்னி கிருஷ்ணன் தொடங்கிய அந்த வேலையை அவர் குடும்பத்தார் வெல்வெட், சிக் என்ற ஷாம்புகளாக வளர்த்தார்கள். இன்றும் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்குவதை வாங்குகிறவருக்கு வகை பார்க்க வாய்ப்புக் குறைவு. கருப்பு, பச்சை, ரோஸ் என்று நிறம் சொல்லித்தான் கேட்பார். எண்ணெய் வைத்த தலை, உப்புத் தண்ணீர் இரண்டும் அதிகம் இருப்பது அவர் வீட்டில்தான். உங்கள் அட்டவணையில் இருந்த பத்துப் பொருள்களில் ஒன்றுகூட அந்தச் சரத்தில் கிடைக்காது.

அடுத்த முறை அட்டவணை போடும்போது ‘எண்ணெய் வைத்த தலைக்கு ஆகுமா’, ‘உப்புத் தண்ணீரில் எப்படி’ என்று இரண்டு கட்டங்கள் சேர்த்துவிடுங்கள். போர் தண்ணீர் வாளி ஒன்றையும் எண்ணெய் வைத்த தலைகள் சிலவற்றையும் வைத்து நீங்களே சோதித்துப் போட்டால் இன்னும் நல்லது. பாக்கெட் ஷாம்புகளையும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கடலூர்.