வெள்ளம் வந்தபின் பாலிசியைப் படிக்கலாமா?

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை படித்துவிடுவது அவசியம். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது எல்லாம் அடங்கும். கட்டடத்தோடு பொருட்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை, பட்டியல் தராமலே வீட்டுப் பொருட்களுக்குக் கிடைக்கும். நகைக்கு இது பொருந்தாது. தனியாகச் சேர்க்க வேண்டும்.

பலர் ஏமாறுவது திருட்டு விஷயத்தில்தான். புயல், வெள்ளம் போன்ற சம்பவம் நடந்த 7 நாட்களுக்குள் அதையொட்டி நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இழப்பீடு. சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் கிடையாது. அதற்குத் தனிக் காப்பீடு தேவை. ஷார்ட் சர்க்யூட்டில் ஃபிரிட்ஜ் கருகினால் அந்த ஃபிரிட்ஜுக்குப் பணம் வராது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு வரும். சுவரில் நாள்பட்ட ஓதம், தேய்மானம் சேராது.

காப்பீட்டுத் தொகையை மனையின் சந்தை விலைக்குப் போடாதீர்கள். மண் எரியாது. 1,000 சதுர அடிக்கு, அடி ரூ.2,500 கட்டுமானச் செலவு என்றால் ரூ.25 லட்சம் போதும். வங்கிக் கடனோடு வந்த பாலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே. பொருட்கள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

சேதமானால் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள், உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த பொருட்களைக் குப்பையில் போட வேண்டாம்.

– வாசகர், சென்னை