பின்வடம்

பூம்பாறை
புதன் இரவு

அன்புள்ள நண்பனுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. "இது உன் ஊர்தானே?" என்று கேட்டிருந்தாய். என் ஊரேதான். சாலை வளைவில் எல்லோரும் வண்டியை நிறுத்தி எடுக்கும் அதே படம். படிப்படியாக இறங்கும் நிலங்களில் இடது ஓரமாக ஒரு துண்டு மட்டும் வெறும் மண்ணாகக் கிடக்கிறதே, அது எங்களுடையது. விதைப் பூண்டு விற்ற விலையில் வாங்கத் துணியவில்லை. இந்தப் போகம் தரிசாகப் போட்டுவிட்டேன். படத்தில் அதுவும் அழகாகத்தான் இருக்கிறது!

உனக்குக் கொடைக்கானல் என்றால் ஏரியும் வாடகை சைக்கிளும். அதைத் தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் எங்கள் பக்கத்துக்கு மேல்மலை என்று பெயர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு எல்லாம் கீழ்மலை. அவர்களுக்குக் காப்பி, மிளகு, மலைவாழை. எங்களுக்குக் கேரட், உருளை, பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே பூண்டு. உடம்புக்கு முடியவில்லை என்றால் கொடைக்கானலுக்கு ஓடுகிறோம். பூண்டை விற்க மட்டும் அந்த ஊர் போதாது. மூட்டைகள் மலையிறங்கி, பெரியகுளம் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்குப் போக வேண்டும்.

மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்கு நினைவிருக்கும், நீதான் முதலில் போன் செய்தாய். போன மாதம் டவுனில் ஒரு கடைக்காரர் என்னிடமே "அசல் மலைப் பூண்டு சார், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நீட்டினார். முகர்ந்து பார்த்தேன். புகை வாசனையே இல்லை. பிடுங்கிய பூண்டைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகையூட்டித்தான் நாங்கள் மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம். என் அம்மாவின் சேலையெல்லாம் அந்த வாசனைதான். கடைக்காரரிடம் வாதாடவில்லை, நூறு கிராம் என்ன விலை என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன். நாங்கள் விற்பதைவிடக் குறைவு!

காட்டுமாடுகள் இப்போது வீட்டுக் கொல்லைவரை வருகின்றன. தகரத்தைத் தட்டினால் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுப் போகின்றன. தம்பி திருப்பூரிலேயே தங்கிவிட்டான். குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு மாதச் சம்பளம் வருகிறது.

உன் அம்மா கேட்ட பூண்டு இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறேன். நீயே வந்து எடுத்துப் போ. தைப்பூசம் கழிந்து கேட்டை நட்சத்திரத்தன்று எங்கள் ஊர் முருகன் குழந்தை வேலப்பருக்குத் தேர். சரிவான தெரு என்பதால் எங்கள் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். முன்னால் இழுக்க ஆள் குவிந்துவிடும். பின்னால் பிடித்து நிறுத்தத்தான் கனமான ஆள் வேண்டும். உன் புதுத் தொப்பையைப் படத்தில் பார்த்தேன். பின்வடத்தில் உனக்கு இடம் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மேல்மலைக்காரன்