மீலி அரிசிக்கும் ஓர் இடம் கொடுங்கள்: காட்சிக்கூட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்த நம் முன்னோர் சமையலுக்கென்று நீங்கள் திறந்திருக்கும் புதிய பகுதியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வாழையிலை விருந்து, ஆட்டுக்கறி பிரியாணி, பளபளக்கும் பித்தளைப் பாத்திரங்கள், ஒரு சுவர் முழுக்க, ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பும் பன்னி சாவ். எல்லாம் நம்முடையவைதான். ஆனால் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அன்றாடம் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஆயா மீலி அரிசி, அதாவது நொறுக்கிய வெள்ளை மக்காச்சோளம், சமைத்த பானையை நான் தர வந்தபோது, "காட்சிக்கு எடுபடாது" என்று திருப்பி அனுப்பினீர்கள். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததும், 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக வந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் வருடம் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு, கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ தோட்ட முதலாளிகள் அளந்து கொடுப்பார்கள். அரிசிக்குப் பதிலாகப் பல இடங்களில் மக்காச்சோளம்தான். ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட்டவர்களும் ஊருக்கெல்லாம் கூடையில் சுமந்து விற்றார்கள். விற்காமல் வாடியது வீட்டு உலைக்கு வந்தது.

ஆயா மீலி அரிசியைப் பல தண்ணீர் விட்டுக் கழுவுவார். மேலே மிதக்கும் உமியைக் கையால் ஒதுக்கி வடித்துவிட்டு, ஊறவைத்து, சோறு போல வேகவைப்பார். ஆறினால் இறுகிவிடும், தொண்டையில் இறங்காது. அதனால் சுகர் பீன்ஸ் பயறுக் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, சூட்டோடு சாப்பிடச் சொல்வார். 1942இல் பர்மா ஜப்பான்காரர்கள் கைக்குப் போய் அரிசி வரத்துச் சுருங்கிய காலத்தில், எங்கள் வீட்டில் அரிசி சாமிக்கும் காய்ச்சலில் படுத்தவர்களுக்கும் மட்டும்தான். பிள்ளை பெற்றவளுக்குக்கூட மீலிதான் என்று ஆயா சொல்லும்போது குரல் கம்மும். அப்படிப் பசியாற்றிய பானைதான் எடுபடாது என்கிறீர்கள். தயவுசெய்து அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

வருடா வருடம் நவம்பரில் மேடை போட்டு முன்னோர் பட்ட பாட்டைப் பேசுகிறோம். அவர்கள் பசியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை, ஏதோ அவமானம் போல. நன்கொடை தருபவர்கள் பார்க்க விரும்புவதை மட்டுமே சுவரில் மாட்டினால், நம் ஆட்கள் கப்பலை விட்டு இறங்கியதுமே பிரியாணி சாப்பிட்டார்கள் என்றுதான் பள்ளிப் பிள்ளைகள் நினைப்பார்கள். வறுமையில் வெட்கப்பட அவர்களுக்கு ஒன்றுமில்லை. அளந்து கொடுத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்கிறேன்: அந்தப் பானையையும், அளந்து கொடுத்த உணவின் பட்டியலையும் விருந்துப் படங்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில், கூலிகளைக் கவனிக்க அரசு நியமித்த அதிகாரியான இந்தியக் குடியேறிகள் பாதுகாவலரின் கோப்புகள் இருக்கின்றன. உணவு சரியாகக் கொடுக்கவில்லை என்று கூலிகள் செய்த முறையீடுகளும் அவற்றில் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டையாவது தமிழிலும் எழுதி வையுங்கள்.

அப்புறம், மீலி அரிசி சமைத்து வளர்ந்த பெண்கள் சிலர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஆள் அனுப்ப முடியுமா என்று இந்த மாதத்துக்குள் தெரிவித்தால், நான் அவர்களிடம் சொல்லி வைக்கிறேன்.